தொலைக்காட்சி கணினிக்குத் திரையாகுமா?

தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2011-இல் அதே தேதியில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வானகரம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் இவ்விரண்டும் வந்து சேர்ந்த வீடுகள் பல. உங்கள் வீடும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

மடிக்கணினியின் திரை திடீரென்று இருண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே உங்கள் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. பக்கத்திலேயே தொலைக்காட்சி இருக்கிறதே, அதைத் திரையாகப் பயன்படுத்தினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் கம்பி வாங்க ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சியில் எலெக்ட்ரான் கற்றைகள் கோடு கோடாகப் படத்தை வரைகின்றன. நம் நாட்டு முறைப்படி ஒரு படத்துக்கு 625 கோடுகள். வினாடிக்கு 25 படங்கள். பெருக்கினால், வினாடிக்கு 15,625 கோடுகள். மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் 768 வரிசைகள் உண்டு. அவை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஆக, வினாடிக்கு 46,080 வரிசைகள்!

வகுப்பில் ஆசிரியர் வேகமாகக் குறிப்புச் சொல்கிறார். மாணவனோ அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் எழுதுவான். அவன் நோட்டில் என்ன இருக்கும்? கணினியின் வி.ஜி.ஏ. துளையையும் தொலைக்காட்சியின் மஞ்சள் துளையையும் வெறும் கம்பியால் இணைத்தால் பொதுவாக இதே கதைதான். இரு முனைகளும் கச்சிதமாகப் பொருந்தும், படம் வராது.

இங்கே தேவைப்படுவது ஒரு மாற்றிப் பெட்டி. கணினி வேகமாகச் சொல்வதை அது தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் புரியும் வேகத்தில் திருப்பிச் சொல்கிறது. உள்ளே மின்சுற்று வேலை செய்வதால் அதற்கு மின்சாரமும் வேண்டும்.

மாற்றி வந்துவிட்டால் எழுத்துகள் தெளிவாகத் தெரியுமா? அதையும் கணக்கிடலாம். தொலைக்காட்சியில் ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ வினாடி. அதில் படத்துக்கு உரியது 52 மைக்ரோ வினாடி. நம் முறையில் படக் குறிப்பலையின் மிக உயர்ந்த அதிர்வெண் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு மைக்ரோ வினாடிக்கு 5 அலைகள். 52 மைக்ரோ வினாடியில் 260 அலைகள். ஒவ்வோர் அலையும் ஒரு வெளிச்சப் புள்ளியையும் ஓர் இருட்டுப் புள்ளியையும் தருகிறது என்று கொண்டால், ஒரு கோட்டில் 520 புள்ளிகள். மடிக்கணினியின் வரிசையிலோ 1,366 புள்ளிகள். எனவே திரைப்படம் பார்க்கலாம். சிறு எழுத்துகள் கரைந்துபோகும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால்தான் படிக்க முடியும்.

தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் இந்தத் தொல்லை குறைவு. 2002-இல் வெளியான எச்.டி.எம்.ஐ. முறையில் படம் எண்களாகவே செல்கிறது. ஒலியும் அதே கம்பியில் போகும். கம்பியைச் செருகியதும், தன் திரையில் எத்தனை வரிசை, எத்தனை புள்ளி என்று தொலைக்காட்சி கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினி அதற்கேற்பப் படத்தை அனுப்புகிறது. ரிமோட்டில் சரியான எச்.டி.எம்.ஐ. இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் கணினியானால், விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்துங்கள். இரு திரையிலும் ஒரே படம் வேண்டுமா, இரண்டும் சேர்ந்து ஒரே அகன்ற திரையாக வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இனி, இருண்ட மடிக்கணினிக்கு வருவோம். அதன் நீர்மப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை; பின்னாலுள்ள விளக்கின் ஒளியைத் தேவைக்கேற்ப விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. கணினியை இயக்கி, திரையின்மேல் டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், பழுது பின்விளக்கில்தான். எதுவும் தெரியாவிட்டால், தொலைக்காட்சியுடன் இணையுங்கள். அங்கே படம் வந்தால் கணினியின் மூளையும் நினைவகமும் நலமாக உள்ளன என்று பொருள். உங்கள் குறிப்புகளை உடனே நகல் எடுத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியையே திரையாகக் கொண்டு வேலையையும் தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணத் தொலைக்காட்சியின் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். படக்குழாய் இயங்குவது 20,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

திரை இருண்டுவிட்டது என்பதற்காக மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒரு தொலைக்காட்சியுடன் இணைத்துப் பாருங்கள். உங்களுடையது பழையதானால், அண்டை வீட்டில் கேட்டுப் பாருங்கள்; இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்.