கண்ணுக்குக் கீழே பள்ளம்... ஊசி போட்டு நிரப்பலாமா?

ராத்திரி எட்டு மணி நேரம் முழுசாத் தூங்கி எழுந்து, ஃப்ரெஷ்ஷா கிளாஸுக்குள்ளே நுழையறீங்க. பக்கத்து பெஞ்ச் கேட்கிற முதல் கேள்வி, ‘‘என்ன மச்சி, நைட் தூங்கலையா?’’ லேப் மேடம், ‘‘உடம்பு சரியில்லையாப்பா?’’னு கேட்கிறாங்க. கேன்டீன் அண்ணன்கூட டீயை நீட்டிக்கிட்டே, ‘‘எக்ஸாமா தம்பி?’’ங்கிறார். கடுப்பா இருக்கா? உங்க தூக்கத்துல குறை இல்லை பாஸ். கண்ணுக்குக் கீழே மூக்கோரமா ஆரம்பிச்சு கன்னத்துப் பக்கம் சரியுதே ஒரு சின்னப் பள்ளம், அதுதான் உங்களைப் பத்தி ஊரெல்லாம் கோள் மூட்டிக்கிட்டு இருக்கு!

இந்தப் பள்ளத்தை ஊசி வழியா ஜெல் ஏத்தி நிரப்புறாங்க. பேரு ‘அண்டர் ஐ ஃபில்லர்’. ஒரு காலத்துல சினிமாக்காரங்க சமாச்சாரம். இப்போ நம்ம ஊர் கிளினிக் போர்டுகள்ல ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பக்கத்துலயே இதையும் எழுதி வெச்சிருக்காங்க. ‘லஞ்ச் டைம்ல வந்துட்டுப் போயிடலாம்’னு விளம்பரம் வேற. பிளேஸ்மென்ட் சீசன் நெருங்க நெருங்க ஹாஸ்டல் ரூம்கள்ல இந்தப் பேச்சு அதிகமா அடிபடுது. பொண்ணுங்க மட்டும்னு நினைச்சுடாதீங்க, பசங்களும்தான்!

போட்டுக்கோங்கன்னோ, ஐயோ வேண்டாம்னோ சொல்ல நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஆனா, மெஷினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஃபால்ட் எங்கேன்னு கண்டுபிடிக்கணும்னு எங்க ஒர்க்‌ஷாப்ல முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க. இந்த விஷயத்துல பாதிப் பேர் சறுக்குறது அங்கேதான்.

கருப்பு எங்கேர்ந்து வருது?

‘கருவளையம்’னு நாம ஒரே பேர்ல கூப்பிடறோமே, அது ஒரே ஆள் கிடையாது. மூணு பேர். ஒண்ணு, நிழல். பள்ளத்துக்குள்ளே வெளிச்சம் விழாததால வர்ற கருப்பு. ரெண்டு, நிறமி. அந்த இடத்துத் தோலோட நிறமே கூடுதலா இருக்கிறது. மூணு, ரத்தக்குழாய். கண்ணுக்குக் கீழே தோல் ரொம்ப மெல்லிசு. அதனால உள்ளே ஓடுற குழாய்களும் தசையும் நீலமாவோ ஊதாவாவோ வெளியே தெரியும்.

இதுல ஃபில்லர் நேரடியா வேலை செய்யறது முதல் ஆள்கிட்ட மட்டும்தான். பள்ளத்தை மேடாக்கினா நிழல் போயிடும், சரி. நிறம் எப்படிப் போகும்? சுவத்துல இருக்கிற கறையை பட்டி பார்த்து எடுக்க முடியுமா?

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஹாஸ்டல் பாத்ரூம் கண்ணாடி வேண்டாம். தலைக்கு மேலே எரியற டியூப் லைட்டுல ஐஸ்வர்யா ராய்க்கே கண்ணுக்குக் கீழே நிழல் விழும்! பகல்ல ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் முகத்துல நேரா விழற மாதிரி நின்னு, கையில கண்ணாடியை வெச்சுப் பாருங்க. கருப்பு முக்கால்வாசி காணாமப் போச்சுன்னா, உங்களுடையது நிழல். அப்படியே இருந்துச்சுன்னா, நிறம். அடுத்து, கீழ் இமைத் தோலை விரலால மெதுவாப் பக்கவாட்டுல இழுங்க. பழுப்பு பழுப்பாவே இருந்தா நிறமி. நீலமோ ஊதாவோ இன்னும் எடுப்பாத் தெரிஞ்சா ரத்தக்குழாய். நிறையப் பேருக்கு ரெண்டு, மூணும் கலந்தே இருக்கும். அதனால இது தீர்ப்பு இல்லை. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நமக்கு நாமே பண்ணிக்கிற ஹோம் ஒர்க். அவ்வளவுதான்.

நம்ம நிறத்து ஆளுங்களுக்கு நிறமிக் கருப்பு ரொம்ப சகஜம். அப்பா, அம்மா வழியில வரும். அலர்ஜியால கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும். ராத்திரி கண் மையைக் கலைக்காமத் தூங்கிட்டு, காலையில துண்டால அழுத்தித் தேய்க்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

என் காலேஜ் தோழி கதை இது. ஈ.சி.இ., கிளாஸ் டாப்பர். மாக் இன்டர்வியூவுல, ‘யு லுக் டயர்ட்’னு ஒருத்தர் சொல்லிட்டார். அன்னைக்கே முடிவு பண்ணிட்டா. கிளினிக்ல விசாரிச்சாச்சு, ரேட் கேட்டாச்சு, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணமும் ரெடி. ‘அழகு மனசுல இருக்கு’ன்னு நான் எடுத்து விட்டதும் சீறினா. ‘‘இன்டர்வியூல போய் உட்காரப் போறது என் மனசாடா? நான்தானே!’’ எனக்குப் பதில் தெரியலை. இப்பவும் தெரியாது. முகத்துல ஒண்ணு உறுத்துது, அதை மாத்திக்கணும்னு நினைக்கிறது ஒண்ணும் குத்தமில்லை. பல்லுக்குக் கம்பி கட்டினவனை நாம யாரும் கேள்வி கேட்டதில்லையே!

அவளோட சித்தி அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ். ‘எங்கே வேணா போ, அதுக்கு முன்னாடி எங்க ஸ்கின் ஓ.பி.யில ஒரு தடவை காட்டிடு’ன்னு இழுத்துட்டுப் போனாங்க. அங்கே இருந்த டாக்டரம்மா பள்ளத்தைப் பத்திப் பேசவே இல்லையாம். ‘‘ஏம்மா, காலையில எழுந்ததும் வரிசையா தும்முவியா?’’ன்னாங்களாம். ‘‘ஆமா டாக்டர்.’’ ‘‘கண்ணு அரிக்குமா? கசக்குவியா?’’ ‘‘ஆமா.’’ தூசி அலர்ஜி! முக்கால்வாசி நிறம், கால்வாசிதான் பள்ளம்னு சொல்லி, அலர்ஜிக்கு மருந்து, தினமும் சன்ஸ்கிரீன், கண்ணைக் கசக்கத் தடை. ‘‘ஆறு மாசம் கழிச்சு வா, பள்ளத்தைப் பத்தி அப்போ பேசுவோம்’’னு அனுப்பிட்டாங்க. ஓ.பி. சீட்டு இலவசம். கிளினிக்குக்கே நேராப் போயிருந்தா டியூஷன் பணம் மொத்தமும் காலி, கருப்பு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்போ அஞ்சாவது மாசம் ஓடுது. நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கு. பள்ளம் அதே இடத்துலதான். அவ இன்னும் முடிவு பண்ணலை.

ஊசிக்குள்ளே என்ன?

கண்ணுக்குக் கீழே போடறது பெரும்பாலும் ஹையலூரோனிக் ஆசிட் ஜெல். ஆசிட்னதும் பயந்துடாதீங்க, நம்ம உடம்புலயே இருக்கிற சரக்குதான். 1934-ல அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துல கார்ல் மேயர், ஜான் பால்மர்னு ரெண்டு பேர் இதை முதன்முதலாப் பிரிச்செடுத்தாங்க. எங்கேர்ந்து தெரியுமா? மாட்டோட கண்ணுக்குள்ளே இருக்கிற பாகுலேர்ந்து! கண்ணுக்குள்ளே கண்டுபிடிச்சதை இப்போ கண்ணுக்குக் கீழே ஏத்தறோம். இன்னைக்கு மாடு வேண்டாம், பாக்டீரியாவை வெச்சு நொதிக்க வெச்சே தயாரிக்கிறாங்க. சும்மா ஏத்தினா உடம்பு சில நாள்லயே கரைச்சுடும். அதனால மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு கோத்து கெட்டிப்படுத்துறாங்க. ரப்பரை வல்கனைஸ் பண்றோமே, ஏறக்குறைய அந்த ஐடியாதான்.

இந்த ஜெல்லை எலும்பை ஒட்டி, ஆழமா, துளித்துளியா வைக்கணும். ரெண்டு கண்ணுக்கும் சேர்த்தே 1 மி.லி. சிரிஞ்ச் பல பேருக்குப் போதும். செலவு ஐந்து இலக்கத்துல ஆரம்பிக்கும், இன்ஷூரன்ஸ்ல வராது.

இன்னொரு விஷயம். சுருக்கத்துக்கான ஹையலூரோனிக் ஃபில்லருக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2003-லயே அனுமதி கொடுத்துடுச்சு. ஆனா, ‘கண்ணுக்குக் கீழே இருக்கிற பள்ளத்துக்கு’ன்னு குறிப்பா ஒரு ஃபில்லரை அனுமதிச்சது 2022-லதான். ஜுவெடெர்ம் வோல்பெல்லா. அடுத்து 2023-ல ரெஸ்டிலேன் ஐலைட். ரெண்டுலயுமே ‘21 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு’ன்னு போட்டிருக்கு. இதைப் படிக்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு 21 தாண்டியிருக்கு? எனக்கு இருபதுதான்!

கூழ்மமும் குருதிக்குழாயும்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில கூழ்மங்கள் பாடம் ஞாபகம் இருக்கா? டிண்டால் விளைவு, ரெண்டு மார்க் கேள்வி. கூழ்மத்துக்குள்ளே போற ஒளி சிதறும், நீலம் அதிகமாச் சிதறும்னு படிச்சோமே, அது இங்கே முகத்துலயே நடக்கும். ஜெல்லை ஆழமா வைக்காம தோலுக்கு நெருக்கமா வெச்சுட்டா, அந்த இடம் நீலம் பாரிச்சுத் தெரியும். கருவளையத்தை எடுக்கப் போய் நீல வளையத்தோட திரும்பி வர்றது இப்படித்தான்.

அடுத்தது வீக்கம். ஹையலூரோனிக் ஆசிட் தண்ணியை இழுத்து வெச்சுக்கிற பொருள். ஏற்கெனவே காலையில கண்ணுக்குக் கீழே பை மாதிரி உப்பிக்கிற ஆளா இருந்தா, ஃபில்லர் அதை இன்னும் மோசமாக்கலாம். ‘ஒரு வருஷத்துல தானாக் கரைஞ்சுடும்’னு கிளினிக்ல சொல்வாங்க. ஆனா, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தா, போட்டுப் பல வருஷம் ஆன பிறகும் முகத்துல ஜெல் தங்கியிருக்கிறது தெரிய வந்திருக்கு. பழசு இருக்கும்போதே வருஷா வருஷம் ‘டாப் அப்’ பண்ணிக்கிட்டே போனா, என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. அபூர்வம்தான், ஆனாலும் தெரிஞ்சுக்காம நாற்காலியில உட்காரக் கூடாது. ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள்ளே போனா அடைச்சுக்கும். அந்த இடத்துத் தோல் அழுகலாம். அதைவிட மோசம், ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போற குழாயை அடைச்சுட்டா, பார்வையே போகலாம். உலகம் முழுக்க ஃபில்லர் ஊசியால பார்வை பாதிக்கப்பட்டதாப் பதிவானவங்களை 2015-ல ஒரு மருத்துவக் கட்டுரையில தொகுத்தாங்க. மொத்தம் 98 பேர். அதுல கொழுப்பு ஊசி போட்டவங்களும் சேர்த்தி. புருவங்களுக்கு நடுவுலயும் மூக்குலயும் போட்டதுதான் அதிகம். போட்டுக்கிட்ட கூட்டத்தோட ஒப்பிட்டா சின்ன எண்ணிக்கைதான். ஆனா விழித்திரை ரத்தம் இல்லாமத் தாங்கறது ஒண்ணரை மணி நேரம்கூட நிச்சயமில்லை. நம்ம சிட்டி டிராஃபிக்ல ஒண்ணரை மணி நேரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்!

போட்டவங்க எல்லாம் அழுதுக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்க வேண்டாம். என் பெரியப்பா பொண்ணு, சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை, 29 வயசு. அவங்களுக்கு அசல் பள்ளம், நிறம் கிடையாது. போன வருஷம் போட்டுக்கிட்டாங்க. ‘ஆபீஸ்ல இப்போ யாரும் லீவு வேணுமான்னு கேட்கறதில்லைடா’ன்னு சந்தோஷமா இருக்காங்க. ஆனா அவங்களுக்குமே பத்து நாளைக்கு ஊதாக் கன்னிப்பு இருந்துச்சு. நாளைக்கு இன்டர்வியூன்னா இன்னைக்குப் போய் நிக்கிற வேலை இல்லை இது. அக்கா கல்யாண ரிசப்ஷனா இருந்தாலும் ஒரு மாசமாவது இடைவெளி வேணும்.

எங்கே போறது, யாரைக் கேட்கறது?

முதல்ல, போகக் கூடாத இடம். பியூட்டி பார்லர், ஹோட்டல் ரூம் ‘கேம்ப்’, ஆன்லைன்ல விக்கிற ‘ஊசியில்லா ஃபில்லர் பேனா’. இந்தப் பேனாவைப் பயன்படுத்தாதீங்கன்னு எஃப்.டி.ஏ. 2021-லயே எச்சரிச்சிருக்கு. அப்புறம், ‘நாம ரெண்டு பேரும் ஒரு சிரிஞ்சை ஷேர் பண்ணிக்கலாமா?’ங்கிற கோஷ்டி. ஒன் பை டூ டீ இல்லை மக்களே, ரத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்!

எம்.டி. முடிச்ச தோல் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன், கண் இமை சர்ஜரி பண்ற கண் டாக்டர் இவங்கதான் சரியான ஆளுங்க. சுவத்துல தொங்குற ‘காஸ்மெட்டாலஜி’ சர்டிஃபிகேட்டுல மயங்கிடாதீங்க, அதுல சில வாரத்து கோர்ஸும் உண்டு. டாக்டரோட பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்துல போட்டுப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். பெட்டியை உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. பேட்ச் நம்பர் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைல்ல ஒட்டி வெச்சுக்கோங்க. ஊசி போடும்போதோ, போட்ட பிறகோ திடீர்னு கடுமையான வலி, பார்வை மங்கல், தோல் வெளுக்கறது, வலை மாதிரி ஊதாக் கோடுகள்னு எது வந்தாலும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ கிடையாது. அதே நிமிஷம் ஓடணும். நம்ம மாநிறத்துல தோல் வெளுக்கறது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, அதனால வலியைத்தான் முதல்ல நம்பணும்.

கடைசியா, நாற்காலியில சாயறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. ‘‘டாக்டர், ஹையலூரோனிடேஸ் ஸ்டாக் இருக்கா?’’ அந்த ஜெல்லைக் கரைக்கிற மாற்று மருந்து அது. நீலம் பாரிச்சாலும் சரி, குழாய் அடைச்சாலும் சரி, முதல்ல கையில எடுக்கறது அதைத்தான். பார்வை போன பிறகு அதுவும் கைகொடுக்கும்னு உத்தரவாதம் இல்லை, ஆனா அதுகூட இல்லாத இடத்துல உங்களுக்கு என்ன வேலை? நல்ல டாக்டர்னா ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டுவார். ‘அதெல்லாம் எதுக்கும்மா, நான் பார்த்துக்கறேன்’னு சிரிச்சு மழுப்பினா, பேக்கை எடுத்துக்கிட்டு எழுந்துடுங்க. கன்சல்டேஷன் ஃபீஸ் போனாப் போகட்டும்.