மடிக்கணினியின் உஷ்ணமும் விளையாட்டின் தளர்ச்சியும்

சென்ற கோடை விடுமுறையில் அலங்காநல்லூரில் எம் மாணவர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தமது மடிக்கணினியை விற்று, கடன்பட்டேனும் புதியதொன்று வாங்கத் துணிந்திருந்தார். கால்பந்தாட்டம் பத்து நிமிடம் செவ்வனே ஓடுமாம். பின்னர் ஆட்டக்காரர் சேற்றில் நடப்பார்போல் தயங்குவராம். கணினி இலவம்பஞ்சு மெத்தைமேல் வீற்றிருக்கக் கண்டதும் எமக்கு ஐயம் பிறந்தது. காற்று புகும் துவாரங்கள் அதன் அடிப்புறத்தில் உள்ளனவன்றோ?

இவ்வகைக் கணினியிற் படம் வரைதற்கெனத் தனிச் சில்லு இல்லை. கணக்கிடுதலும் வரைதலும் ஒரே சில்லில் நிகழ்வதால் இரண்டின் உஷ்ணமும் ஒரே விசிறி வழியே வெளியேற வேண்டும். ஏறக்குறைய 100 டிகிரியை அணுகுங்கால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கின்றது. 25 டிகிரி அறையிற் கிடைக்கும் இடைவெளியில், 40 டிகிரி காயும் மதுரைச் சீமையில் 15 டிகிரி முதலிலேயே கழிந்துவிடுகின்றது.

ஆட்டம் தொடங்கும்போதே தளருமாயின் காரணம் வேறாகலாம். வரைதற்கும் பொது ராமே பயன்படுதலின், ஒற்றை ராம் பலகையுள்ள கணினியில் ஒத்த மற்றொன்றைப் பொருத்துதல் பெரிதும் உதவும்.

மின்தொடர்பைத் துண்டித்து அடிமூடியைத் திறந்தோம். உலோகத் தகடுகளிடையே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு ஊதி அகற்றினோம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினோம். பின்னர் மேசைமேல் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்து, படவேகத்தை நொடிக்கு 30 என வரையறுத்தோம். (ஜல்லிக்கட்டு ஊராருக்கு வேகத்தைக் கட்டுதல் உவப்பன்று போலும், மாணவர் முகம் சுளித்தார்.) அன்று மாலை ஒரு மணி நேரம் ஆடியும் தயக்கம் காணவில்லை; விற்கும் பேச்சும் எழவில்லை.