மலைமேல் ஒரு தொட்டிக் கடல்

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். ஓய்வுபெற்றபின் இந்த மலையில் வாழ்ந்தவர், 1912-இல் காலமானார். புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த காலத்தில் ராமேசுவரம் போய், அங்கே கடல்மட்டத்துக்கு மேலே தலைதூக்கி நிற்கும் பழைய பவளப்பாறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆகவே சேர்வராயன் மலையில் நின்றுகொண்டு பவளத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டு வீடு ஒன்றில், கண்ணாடித் தொட்டிக்குள் மென்பவளம் தளதளவென்று வளருமா?

வளரும். எப்படி என்று தெரிய, முதலில் அது என்ன உயிர் என்று பார்க்க வேண்டும்.

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் பல ஒன்றாக ஒட்டி வாழும் கூட்டம். கல்பவளம் தனக்கடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகும். மென்பவளம் அப்படிக் கட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் அதன் சதைக்குள் சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள். கைகளின் ஓரம் இறகுபோலப் பிரிந்திருக்கும். நம் மன்னார் வளைகுடாவிலேயே சார்கோஃபைட்டான், லோபோஃபைட்டம், சினுலேரியா என்ற மென்பவளங்கள் வாழ்கின்றன.

எலும்பு இல்லாமல் எப்படி நிமிர்ந்து நிற்கிறது? நீரால்தான். கடல்நீரை உடலுக்குள் ஏற்றிக்கொண்டு உப்பி நிற்கும்; தொட்டால் நீரை வெளியேற்றிச் சுருங்கிவிடும். காலையில் உள்ளங்கை அகலம் இருந்தது மாலையில் எலுமிச்சை அளவுக்கு ஒடுங்கிவிடலாம். அது இளைத்துப் போகவில்லை, மூடிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டின் பெரும்பகுதி அதன் உடலுக்குள்ளேயே தயாராகிறது. பல மென்பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியில் அவை சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கும்; பவளத்தின் கழிவு அந்தப் பாசிகளுக்கு உரம். அதனால்தான் தொட்டிக்கு மேலே நீல ஒளி கலந்த விளக்கு வைக்கிறார்கள். கடலில் ஆழத்துக்கு இறங்கிச் செல்வது நீல ஒளிதானே. புதிதாக வந்த பவளத்துக்கு ஒரேயடியாகப் பளீரென்று ஒளி காட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

ஒளி மட்டும் போதாது, நீரோட்டமும் வேண்டும். ஸீனியா குடும்பத்து மென்பவளங்கள் சில தங்கள் கைகளை விரித்து மூடி, விரித்து மூடி, ஏறக்குறைய நாள் முழுக்க அசைத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு சக்தியைச் செலவழித்து ஏன் அசைக்கின்றன? செங்கடலில் வாழும் ஒருவகையைப் படம்பிடித்து ஆராய்ந்த இஸ்ரேல் அறிவியலாளர்கள் 2013-இல் விடை சொன்னார்கள். பாசிகள் உணவு தயாரிக்கும்போது வெளிவிடும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால், உணவு தயாரிக்கும் வேலை மந்தமாகிவிடும். அந்த அசைவு ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுப் புதுநீரைக் கொண்டுவருகிறது! சுயமாக அசையாத பவளத்துக்கு இதே வேலையைத் தொட்டிக்குள் ஓடும் பம்பு செய்கிறது.

இனி ஏற்காட்டுக்கே உரிய சிக்கல். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 1,500 மீட்டரில் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். பகலில் பாசிகள் ஆக்சிஜன் தரும், கவலையில்லை. விளக்கை அணைத்தபின் பாசி, பவளம், மீன் எல்லாமே ஆக்சிஜனை எடுக்க மட்டுமே செய்யும். அதனால் மலைவீட்டில் இரவிலும் நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்பமும் அப்படித்தான். தொட்டிப் பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இதமானது. சென்னையில் கோடையில் நீரைக் குளிர்விக்கும் கருவி தேடுவார்கள். ஏற்காட்டின் மார்கழியில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த நீரை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரிக்கும்; உப்பில்லாத நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

வளர்ப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது சார்கோஃபைட்டான்தான். காளான் வடிவத்தில் அழகாக விரிந்திருந்தது, ஒருநாள் திடீரென்று எல்லாப் பாலிப்புகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு. நாட்கணக்கில் இப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து இடம் மாற்றுவார்கள், மருந்து ஊற்றுவார்கள். உண்மையில் அது தோலுரிக்கிறது. மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அந்த மெழுகுத் தோலோடு சேர்த்துக் கழற்றிவிடும். நீரோட்டம் நன்றாக இருந்தால் தோல் சீக்கிரம் நழுவும். பிறகு பாலிப்புகள் மறுபடி விரியும். அந்த நாட்களில் அதைத் தொடாமல் விடுவதே சரியான பராமரிப்பு.

ஓடவும் கடிக்கவும் முடியாத இந்த உயிருக்கு ஆயுதமும் உண்டு. டெர்ப்பீன் என்ற வேதிப்பொருள்களை நீரில் கலந்து பக்கத்துப் பவளத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். கடலில் அது கரைந்து போய்விடும். சின்னத் தொட்டியில் தேங்கும். அதனால் வடிகட்டியில் கரித்தூள் வைக்கிறார்கள், பவளங்களுக்கு இடையே இடைவெளியும் விடுகிறார்கள்.

கடற்கரைக்குப் போகும்போது பவளம் எடுத்துவந்து தொட்டியில் போடலாமா? கூடாது. கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன; எடுப்பது குற்றம். மென்பவளத்தையும் கடலிலிருந்து பிய்த்து எடுக்கவே தேவையில்லை. தொட்டியில் வளர்ந்த ஒன்றிலிருந்து சிறு துண்டை வெட்டிக் கல்லில் பொருத்தினால், அது பிடித்துக்கொண்டு முழுப் பவளமாக வளரும்.

தூத்துக்குடி அருகே கடலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் வான் தீவு அரிக்கப்பட்டுச் சுருங்கியது. சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் கல்பவளத்தின் துண்டுகளைக் கடலடியில் பலகைகளில் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளும் இறக்கப்பட்டிருக்கின்றன. அங்கே விளக்கும் பம்பும் தேவையில்லை. வெயிலும் அலையும் அந்த வேலையைப் பார்க்கின்றன. வெப்பத்தை மட்டும் யாராலும் திருகிக் குறைக்க முடியாது. 2016 கோடையில் மன்னார் வளைகுடா நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, பாசிகளை இழந்து பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. சூடு தாங்கிப் பிழைத்த இனங்கள் எவை என்று பார்த்து, அவற்றின் துண்டுகளை நடுவது இப்போது முக்கியமான வேலையாகிவிட்டது.