வாய் திறக்க அஞ்சுவதேன்?

தர்மபுரி ஜில்லா நல்லம்பள்ளி போன்ற ஊர்களில், ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதும் மாணவனும் நாலு வார்த்தை பேசச் சொன்னால் நடுங்குகிறான். இதனை அறியாமை என்பது அநியாயம். லண்டனில் மரக்கறி உணவினர் சங்கத்தில், தாம் எழுதிச் சென்றதை வாசிக்கவும் காந்தியடிகளால் இயலவில்லை; வேறொருவர் வாசித்தார். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பியபின், பம்பாய்க் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வக்கீலாகிய நமக்கு அந்த நிலை நன்கு விளங்குகிறது.

அயல்மொழி வகுப்பின் அச்சத்தை 1986-இல் ஆராய்ந்த எலைன் ஹார்விட்ஸ் முதலியோர், பிறர் குறை கூறுவரோ என்னும் பயத்தை அதன் கூறுகளில் ஒன்றாகக் குறித்தனர். அப்பயத்தை வளர்ப்பவர் யார்? வாக்கியம் முடியுமுன் திருத்தும் உபாத்தியாயரும், நகைக்கும் தோழருமே. திருத்தத்தைப் பேசி முடிந்தபின் தனியே சொல்லலாகாதா? நகைத்தவனை அடுத்தபடியாக எழுப்பிப் பேசச் சொல்லட்டும்.