-30 பாகைக் குளிரில் காற்றுத் துவக்கு: கோடையில் தெரியாத ஆபத்து

வன்னியில் வளர்ந்த எனக்குத் துவக்குச் சத்தம் கேட்டால் பதுங்குகுழியைத் தேடித்தான் பழக்கம். அப்படிப்பட்ட நான் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வெளியே, நண்பரின் பண்ணையில் மகனோடு நின்று காகித இலக்குக்குக் குறிபார்ப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மகன் ஆசைப்பட்டான். மறிப்பதைவிட ஒழுங்காகப் பழக்குவது நல்லது என்று எனக்குப் பட்டது.

கோடையில் 10 மீற்றர் தூரத்தில் அவனுடைய சன்னங்கள் ஒரு நாணயமளவு வட்டத்துக்குள் விழுந்தன. ஜனவரியில் வெப்பநிலை -30 பாகை செல்சியஸ். முதற் சன்னம் இலக்குக்குக் கீழே போனது. அடுத்தது அதைவிடக் கீழே. மூன்றாவது முறை மெல்லிய சத்தம் மட்டும் வந்தது; காகிதத்தில் துளை இல்லை. "பழுதாப் போச்சு அப்பா" என்றபடி குழல்வாயைத் தன் முகத்தை நோக்கித் திருப்பினான். பாய்ந்து தட்டிவிட்டேன்.

சன்னம் குழலுக்குள் சிக்கியிருந்தது. காரணம் எளிய விஞ்ஞானம்தான்.

எங்களுடையது காபனீரொட்சைட்டுக் குடுவையில் இயங்குவது. குடுவைக்குள் இருக்கும் திரவம் ஆவியாகித் தரும் அமுக்கமே சன்னத்தைத் தள்ளுகிறது. 20 பாகையில் அந்த அமுக்கம் ஏறத்தாழ 57 பார். 0 பாகையில் 35. -30 பாகையிலோ 14 பார் அளவுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாகக் குடுவை இன்னும் குளிர்கிறது. அதனால்தான் இரண்டாவது சன்னம் முதலாவதைவிடத் தாழ்ந்தது.

மற்ற வகைகளும் குளிருக்குத் தப்புவதில்லை. சுருள்வில் துவக்கில் கிறீஸ் இறுகி முசலத்தின் வேகத்தைக் குறைக்கும். அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் வகையில், 20 பாகையில் 200 பார் நிரப்பினால் -30 பாகையில் அது கணிசமாக இறங்கும். இறப்பர் வளையங்கள் விறைத்துக் காற்றுக் கசியலாம். கைப்பம்பால் நிரப்பிய காற்றில் ஈரம் இருந்தால் வால்வில் பனிக்கட்டி பிடிக்கும். வெளிக்காற்றும் 20 பாகையில் இருந்ததைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அடர்த்தி கூடியது. தூர இலக்குகளில் சன்னம் மேலும் தாழ்ந்து விழும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. வெளியே செத்துப்போனது போலக் கிடக்கும் காபனீரொட்சைட்டுத் துவக்கு, சூடான வீட்டுக்குள் வந்ததும் உயிர் பெறும். குடுவை வெப்பமடைய அமுக்கம் பழைய நிலைக்குத் திரும்பும். குழலுக்குள் சன்னமும் இருந்தால், விசையில் விரல் பட்டாலே போதும். ஆகவே வெளியிலேயே, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குடுவையைக் கழற்றினேன். அதன் பிறகே வீட்டில் துப்புரவுக் கம்பியால் சன்னத்தைத் தள்ளி எடுத்தோம். சிக்கிய சன்னத்துக்குப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுடுவது கூடவே கூடாது.

வீட்டுக்குள் கொண்டுவந்த துவக்கை உடனே உறையிலிருந்து எடுக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் ஒடுங்கித் துருப்பிடிக்கும். குறிபார்க்கும் கண்ணாடியும் மங்கும். சில மணித்தியாலங்கள் மூடியபடியே விடுங்கள்.

கைகளையும் கவனியுங்கள். வெறுந்தோல் உறைந்த உலோகத்தில் ஒட்டும். தடித்த கையுறைக்குள் விரலுக்கு விசையின் உணர்வு தெரியாது, நினையாமல் சுட்டுவிடலாம். நாங்கள் மெல்லிய கையுறையின் மேல் தடித்ததைப் போட்டு, சுடும் நேரத்தில் மட்டும் மேலுறையைக் கழற்றுகிறோம். உறைந்த பனிக்கட்டியில் பட்ட சன்னம் தெறித்துத் திரும்பலாம் என்பதால் கண்ணாடி அணியாமல் சுடுவதில்லை. பனிச்சறுக்கோடு துவக்குச் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிகளையே -20 பாகைக்குக் கீழ் ஆரம்பிப்பதில்லை. நாங்களும் இப்போது அதையே எல்லையாக வைத்திருக்கிறோம்.

அன்று அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: சத்தம் வராத துவக்கும் துவக்குத்தான். அதை எனக்குப் போர் கற்றுத் தந்தது. அவனுக்கு ஒரு குளிர்காலமே கற்றுத் தந்ததில் எனக்கு நிம்மதி.