டிரம்ஸ் தம்பியைத் திட்டாதீர்கள்!

கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு மையம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, அங்கே நண்பர்கள் சிலர் பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வயலினுக்கும் கிதாருக்கும் ஆள் இல்லை. கீபோர்டு வாசிப்பவர், பதிந்து வைத்த இசைத் துண்டொன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுகிறார். இதற்குத்தான் 'லூப்' என்று பெயர். முதல் சரணம் வரை சுகம். அப்புறம் பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்! பழி விழுவது டிரம்ஸ் தம்பியின் தலையில்.

கணக்கைப் பாருங்கள். லூப் நிமிடத்துக்கு 120 அடி. தம்பி உற்சாகத்தில் 121 அடி வாசிக்கிறார். காதுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனாலும் ஒரு நிமிடத்தில் முழுசாக ஓர் அடி முந்திவிடுவார். பாடகர் தடுமாறினால் மிருதங்கக்காரர் அனுசரித்துப் போவார். இயந்திரத்துக்கு அந்த மனசு ஏது?

ஆகையால் மேடை ஏறுமுன்பே, யார் தலைவர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

லூப்தான் தலைவர் என்றால், தம்பிக்கு ஹெட்போன் கொடுங்கள். அடிக்கு ஒரு 'டிக்' அவர் காதில் மட்டும் விழட்டும். தூரத்து ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளியிருந்தால் வினாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்திவிடும். இளையராஜா இசையில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினி இசை கேட்டோம். இயந்திரத்தோடு இணங்கி வாசிப்பதும் இன்று ஒரு தனி வித்தைதான்.

தம்பிதான் தலைவர் என்றால், கருவியின் 'டேப் டெம்போ' பொத்தானை அவர் வேகத்துக்கு நான்கு முறை தட்டுங்கள். லூப் அந்த வேகத்துக்கு வரும். ஒவ்வொரு சரணத்துக்கும் லூப்பை நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். சிறு பிசகு பெரும் பிசகாக வளராது. தாளம் இல்லாத, தம்புராபோல் நீளும் லூப் என்றால் கவலையே இல்லை.

'சுருதி மாதா, லயம் பிதா' என்பார்கள் பெரியவர்கள். தாளம் தப்பினால் தம்பியைத் திட்டுமுன், அவர் காதில் லூப் விழுந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.