மூடிய ஜன்னலிலும் குளிர்காற்றா? ஸ்லைடிங் ஜன்னல் இடுக்குகளை அடைக்க எளிய வழிகள்!

ஜன்னல் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் திரைச்சீலை லேசாக ஆடுகிறது. கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்குக் காதோரம் ஜில்லென்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். உறைபனி விழும் இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும்.

கீல் வைத்த ஜன்னல், சட்டத்தோடு அழுந்தி மூடும். ஸ்லைடிங் ஜன்னல் அப்படியல்ல. கதவு நகர வேண்டுமென்றால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியை மறைக்கத்தான் ஓரங்களில் பிரஷ் போன்ற பட்டை வைக்கிறார்கள். நாளாக ஆக அது தேய்ந்துவிடும். அப்புறம் காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

ஊதுவத்தி சொல்லிவிடும்!

காற்று வீசும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுவத்தியை ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். புகை எங்கே வளைகிறதோ, அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் இரண்டு கதவுகளும் சேரும் நடுப்பகுதி அல்லது கீழ்த் தடமாக இருக்கும்.

என்ன செய்யலாம்?

* தடத்தில் சேர்ந்த மண்ணைப் பழைய டூத் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். மண் இருந்தால் கதவு முழுதாக மூடாது.

* தேய்ந்த பிரஷ் பட்டையை உருவிவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். பழைய துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்றால் அளவு தவறாது.

* கதவு போய் முட்டும் பக்கச் சட்டத்தில் ஃபோம் டேப் ஒட்டலாம். துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டினால்தான் நிற்கும். ஒட்டியபின் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

* சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தால் சிலிகான் பூசுங்கள்.

* கண்ணாடியில் தண்ணீர் தெளித்து பபுள் ராப்பை ஒட்டலாம். அதன் குமிழ்களில் அடைபட்ட காற்று, அறையின் சூடு வெளியேறுவதைக் குறைக்கும்.

* இரவில் கனமான திரைச்சீலை போடுங்கள். பகலில் வெயில் வந்ததும் விலக்கிவிடுங்கள்.

கீழ்த் தடத்தில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் வடிவதற்கான வழி அது. அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வழியும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

இடுக்கெல்லாம் அடைத்த அறையில் குளிருக்காகக் கரி அடுப்பு மூட்டித் தூங்குவது பேராபத்து. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாமல் உயிர் போய்விடும். தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டிருக்கும். ஆகவே கரி அடுப்பு படுக்கையறைக்குள் வரவே கூடாது. கேஸ் அடுப்பு இருக்கும் சமையலறையிலும், கேஸ் கீசர் இருக்கும் இடத்திலும் காற்று வழியை அடைக்காதீர்கள்.

தினமும் வெயில் ஏறியதும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணாடியில் கோத்த ஈரம் காயும், பூஞ்சை பிடிக்காது. இரவில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும், பாட்டி நிம்மதியாகத் தூங்குவார்!